கண்ணாடிக் கூண்டில் அத்திம்பேர்

போன வருஷம் ஒரு பருவம் முழுவதும், இறந்துபோன என் அத்திம்பேர் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஆட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்தைந்து. ஜாதகம், குறி, ஆவி, தாயத்து எல்லாவற்றையும் கிண்டலடித்துப் பத்திரிகைகளில் எழுதி, அதற்காக வாசகர்களிடம் வசவும் வாங்கியிருக்கிறேன். நம்பியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவருக்கு மாசிகம், அதாவது மாதத் திதி, செய்கிற நாளில் அவரை இங்கே வரவழைத்தால் அங்கே அணி தோற்றுப்போகுமே என்று பயந்து, நேரத்தை மாற்றச் சொல்லி, சடங்கு நடத்துகிற வாத்தியாருக்கு ஃபோன் பண்ணினேன். வாத்தியார் நாலு பேரிடம் சொல்லியிருப்பார். ஐந்தாவது ஆளாக நானே சொல்லிவிடுகிறேன்.

அத்திம்பேர் என்றால் அக்காவின் கணவர். மின்வாரியத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர். எந்தப் பக்கம் எவ்வளவு மின்சாரம் போக வேண்டும், எந்த லைனை எப்போது நிறுத்த வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து ஃபோனில் சொல்வது அவர் வேலை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் எங்கோ ஒரு பேட்டை இருட்டாகும். யாருக்கும் அவர் முகம் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு அவர் சொல்லி நிற்க வேண்டிய விஷயம் மந்தைவெளி ஃப்ளாட்டில் தண்ணீர் மோட்டார் ஒன்றுதான் இருந்தது. அதையும் அக்கா பார்த்துக்கொண்டாள்.

ஒரே பெண். அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஒரு கல்லூரியில் படித்து, அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலைக்கும் சேர்ந்தவள். ஊருக்கு வந்திருந்தபோது டிவியில் எதையோ இணைத்துக் கொடுத்துவிட்டு, “சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள்ளாம் மேட்ச் பார்க்கப் போவோம்ப்பா. கூட்டத்தைக் காட்டறப்போ நான் தெரிவேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்களுடைய சனிக்கிழமை சாயங்காலம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் இரண்டு ஞாயிறுகள் அத்திம்பேர் டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டுக்கொண்டு, கூட்டத்தில் பெண்ணைத் தேடினார். எழுபதாயிரம் பேர் ஒரே கலரில் சட்டை போட்டிருந்தார்கள். மூன்றாவது ஞாயிறு கூட்டத்தை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நாலாவது ஞாயிறு எனக்கு ஃபோன் வந்தது. “எழுத்தாளரே, காபி குடிக்க இங்க வந்துடு. தனியா கத்தினா உங்கக்கா ஒரு மாதிரியா பார்க்கறா.”

நான் தி. நகரிலிருந்து ஸ்கூட்டரில் போய்விடுவேன். ஞாயிறு காலையில் நான் வீட்டில் இல்லாமலிருப்பதை என் மனைவி ஒருபோதும் ஆட்சேபித்ததில்லை.

அந்த ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பெயர்தான் கால்பந்து, பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். பந்து வைத்திருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. நாலுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், அதாவது ஒரு மடிசார் புடவையைவிட ஒரு கஜம் அதிகம். முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. தூக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம். ஒவ்வொரு முறையும் என்ன செய்வது என்பதை ஆடுகிறவர்கள் தீர்மானிப்பதில்லை. மைதானத்துக்கு மேலே, உயரத்தில் ஒரு கண்ணாடி அறையில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் சொல்வார். ‘கோஆர்டினேட்டர்’ என்று அவருக்குப் பெயர். மயிலாப்பூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் நட்டுவனார். ஆட்டம் நன்றாக இருந்தால் ஆடினவளுக்குக் கைதட்டல். சறுக்கினால் எல்லோரும் நட்டுவனாரைப் பார்ப்பார்கள்.

அத்திம்பேருக்கு ஆடுகிறவர்கள் யாருடைய பெயரும் தெரியாது. அவர் பார்த்தது அந்தக் கண்ணாடி அறையைத்தான். அப்போது அங்கே உட்கார்ந்திருந்த ஆளை அவருக்கு ஆகவே ஆகாது. எந்த நிலைமை வந்தாலும் அந்த ஆள் பந்தை நேராக நடுவில் கொண்டுபோய் முட்டச் சொல்வார். அங்கே எதிராளிகள் ஆளுக்கு நூற்றைம்பது கிலோவில் சுவர் மாதிரி நிற்பார்கள். “பாரு, தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவுல நடுத்தெருவோட நடந்து போறான். புத்தியிருக்கறவன் பக்கத்துச் சந்துல நுழைவானோன்னோ?” என்பார் அத்திம்பேர்.

அவருக்கென்று ஒரு ஆட்டம் இருந்தது. அதற்குப் ‘பின்வாசல்’ என்று பெயர் வைத்திருந்தார். ஒரே ஒரு கஜம் வேண்டும், எல்லோரும் நேராகத்தான் முட்டப்போகிறார்கள் என்று எதிரணி கும்பலாக முன்னால் வந்து நிற்கும். அப்போது முட்டுகிற மாதிரி பாவனை காட்ட வேண்டும். ஓரத்தில் ஒரு தடியன் தள்ளுமுள்ளில் மும்முரமாக இருப்பதாக நடிப்பான். பந்தி பரபரப்பில் சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு பீடி பிடிக்கக் கொல்லைப்பக்கம் நழுவுகிற மாதிரி அவன் மெதுவாக வெளியே நழுவிப்போய்த் தன்னந்தனியாக நிற்பான். பந்தை அவனிடம் எறிந்துவிட வேண்டும். ஒவ்வொரு முறை ஒரு கஜம் தேவைப்பட்டபோதும் அத்திம்பேர் மடித்த செய்தித்தாளை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, எதிரணி கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், தணிந்த குரலில் “பின்வாசல்” என்பார். கண்ணாடி அறையில் இருந்த ஆள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கடைசிப் பருவத்தில் புதிதாக ஒன்று வந்தது. நடுவில் நின்று பந்தை வாங்குகிறவனின் ஹெல்மெட்டுக்குள் ஒரு ஸ்பீக்கர். மேலேயிருந்து சொல்கிறவரின் சொல் நேரே அவன் காதுக்கு வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் பந்து அவன் கைக்கு வரச் சில விநாடிகள் இருக்கும்போதே அந்தக் குரலை நிறுத்திவிடுவார்கள், அது விதி. அதற்கப்புறம் அவன் பாடு. அத்திம்பேருக்கு இது மிகவும் பிடித்திருந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஃபோன் செத்துப்போகிற ராத்திரிகளை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. “அந்த நேரம் பார்த்தியா, குரல் நின்னுபோச்சு, இன்னும் பந்து வரலை. அதான் ஆட்டமே” என்றார். எனக்கு அப்போது அது ஒரு தொழில்நுட்பத் தகவலாகத்தான் பட்டது.

தை மாதம் நுரையீரலில் சளி கட்டி, அவரை அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே சமயம் அந்தக் கல்லூரி பழைய ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புது ஆளைத் தேட ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் நான் ஃபோனைப் பார்த்து வேட்பாளர்களை வாசிக்க வேண்டும். அத்திம்பேர் படுத்துக்கொண்டே நிராகரிப்பார். பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. ஒருத்தர் அடிக்கடி கல்லூரி மாறியிருந்தார்: “எந்த ஆத்துலயும் நிலைக்காத சமையல்காரன்.” இன்னொருத்தர் எப்போதும் நீளமாக எறியச் சொல்பவர்: “வாணவேடிக்கை. கல்யாணத்துக்கு நன்னாருக்கும், குடும்பத்துக்கு ஆகாது.” வாரங்கள் ஓடின, யாரும் அமையவில்லை. ஒருநாள், மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “யாரும் கிடைக்கலேன்னா சொல்லச் சொல்லு. நானே போய் உட்கார்ந்துக்கறேன்.”

சிரித்தார். குழாய் ஆடியது. அந்த வாரமே போய்விட்டார்.

பதின்மூன்றாம் நாள், துக்கம் கழிக்கிற சுபம். பந்தி முடிந்து, வந்தவர்கள் வெற்றிலை பாக்கோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். பெண் ஃபோனைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து, “மாமா, ஆள் போட்டுட்டா” என்றாள். யாரை என்றேன். கேள்விப்படாத பெயர். எங்கிருந்து வருகிறான் என்றேன். அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. “சின்னக் காலேஜ் ஏதோ. யாருக்குமே அவனைத் தெரியலையாம்.” நான் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தேன். கண்ணாடி அறையில் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. இங்கே ஒருத்தர் போனார். அங்கே ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். அந்த நிமிஷம் இதை நான் யோசித்ததாகச் சொன்னால் அது பொய். பிற்பாடு யோசித்து, அந்த நிமிஷத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தது நிஜம்.

பெண் திரும்பிப் போனபோது அக்காவையும் கூப்பிட்டாள். அக்கா வருஷம் முடியட்டும் என்றாள். அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் குறி. முதல் வருஷம் மாதாமாதம் அவர் போன திதியில் மாசிகம் நடக்க வேண்டும். தன் கையால் சமைத்து அவருக்குப் போட வேண்டும். ஒரு மாதம்கூடத் தவறக் கூடாது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. உறவில் இரண்டு பேர், ஏதாவது மடத்தில் மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்களே என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்கள். “ஹோட்டல்ல கணக்கு வெக்கற மாதிரியா? அவர் ஒருநாள் வெளியில சாப்ட்டவர் இல்லை” என்று அக்கா முடித்துவிட்டாள். பிள்ளை இல்லாவிட்டால் மனைவி ஒரு தர்ப்பைப் புல்லை எடுத்து ஒருத்தர் கையில் கொடுப்பாள். எனக்காக நீ செய் என்று அர்த்தம். அக்கா என் கையில் கொடுத்தாள். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். “நம்பிக்கை என்கிட்ட இருக்கு. உன்கிட்ட கை இருந்தா போறும்” என்றாள்.

ஆவணியில் ஆட்டங்கள் தொடங்கின. நான் போவதாக இல்லை. அக்காதான் கூப்பிட்டாள். “ஞாயித்துக்கிழமை டிவி சும்மா கெடக்குடா. வந்து அந்தச் சத்தத்தைப் போடு.” போட்டேன். அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பக்கம் இன்னும் குழிந்தேயிருந்தது.

முதல் வாய்ப்பில் பந்து நடுவில் போகவில்லை, ஓரத்தில் போனது. சரி, புது ஆள் புதுசாகத்தானே செய்வான். கேமரா ஒரு தடவை மேலே கண்ணாடி அறையைக் காட்டியது. சாயங்கால வெளிச்சம் கண்ணாடியில் பட்டு முகம் தெரியவில்லை. ஒரு வழுக்கை, மூக்குக் கண்ணாடியின் ஒரு மினுக்கல், வாய்க்கு முன்னால் மடித்துப் பிடித்த ஒரு தாள். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் தாளை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வார்கள்; உதட்டசைவைப் படித்துவிடக் கூடாதல்லவா. எனக்கு இது தெரியும். தெரிந்தும் சோபாவின் நுனிக்கு நகர்ந்தேன்.

மூன்றாவது வாய்ப்பு வந்தது. ஒரு கஜம் வேண்டும். எதிரணி கும்பலாக முன்னால் வந்து நின்றது. மேஜையிலிருந்த செய்தித்தாளை நான் எப்போது கையில் எடுத்தேன் என்று தெரியாது. வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, “பின்வாசல்” என்றேன். என் குரல் என் குரலாக இல்லை. அவருடைய அந்தத் தணிந்த, கொஞ்சம் கரகரத்த குரல்.

ஓரத்தில் தடியன் நழுவினான். தன்னந்தனியாக நின்றான். பந்து அவனிடம் போனது.

சமையலறையிலிருந்து அக்கா, “இதோ வரேன்” என்றாள்.

அவர் கூப்பிட்டால் அவள் சொல்கிற தொனி அது. கத்திச் சத்தம் நின்றது. டிவியில் எழுபதாயிரம் பேர் கூச்சல் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கத்திச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவள் வெளியே வரவில்லை. நானும் உள்ளே போகவில்லை.

அதற்கப்புறம் நான் உருப்படவில்லை. ஞாயிறுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அணி ஜெயித்துக்கொண்டே போனது. மனசுக்குள் பரீட்சை வைக்க ஆரம்பித்தேன்: நீங்கள்தான் என்றால் இப்போது இடது பக்கம். பந்து இடது பக்கம் போகும். வலது பக்கம் போனதெல்லாம்? தேர்தல் கணிப்பு நடத்துகிறவர்களின் நேர்மையோடு அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். ஒருமுறை எல்லாமே தப்பாகப் போன ஒரு காலையில், அவர் இன்று சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பைப் பனகல் பார்க் சிக்னலில் ஹெல்மெட்டுக்குள் பிடித்தபோது, வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சற்று நேரம் நிற்க வேண்டியிருந்தது. செத்தவருக்குத் தூக்கம் போதவில்லை என்று கவலைப்படுகிறவன் பைத்தியம் என்றால், அவர் எங்கேயோ தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறார் என்பதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் இணையம் அறுந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஆளை வரவழைத்தேன். வயரைச் சரிபண்ணிவிட்டு, படம் வருகிறதா என்று பார்க்க நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா சார் இது, ஹெல்மெட்லாம் மாட்டிகினு? சண்டையா, வெளயாட்டா?”

ஃபுட்பால் என்றேன். ஒருத்தரும் உதைக்கவே இல்லையே என்றார். கேமரா மேலே போயிற்று.

“அந்தக் கண்ணாடி ரூம்ல குந்திகினு கீறாரே, அவுரு யாரு? ஓனரா?”

அவர்தான் என்ன செய்ய வேண்டுமென்று சொல்கிறவர், அது கீழே ஆடுகிறவன் காதில் கேட்கும் என்று விளக்கினேன்.

“நம்ம லைன் மாதிரியேதான் கீது. மேல ஒர்த்தர் குந்திகினு சொல்லுவாரு, கீழ நம்ம ஓடிகினு கீறோம்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “உனுக்குத் தெரிஞ்சவரா சார்?”

தெரிந்தவர்தான் என்றேன். அவர் போன பிறகுதான் என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

ஐப்பசியில் மாசிகத் திதி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. அன்றைக்குத்தான் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆட்டம். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற ஜென்மப்பகை ஆட்டம். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரை வரை போகும். வாத்தியார் பத்தரைக்கு வருவார். மாசிகத்தில் போனவருடைய இடத்தில் ஒருத்தர் வந்து உட்காருவார். தர்ப்பையும் எள்ளும் விட்டு அவரை அந்த ஆளுக்குள் வரவழைக்க வேண்டும். வந்த பிறகுதான் இலையில் பரிமாறுவது. இதையெல்லாம் அதற்கு முன் மாதாமாதம் செய்திருக்கிறேன். எள் விரலில் ஒட்டுகிறதே என்பதைத் தவிர வேறெதையும் யோசித்ததில்லை. இந்த முறை யோசித்தேன். பதினொரு மணிக்கு அவர் இங்கே வந்தால், கண்ணாடி அறையில் யார் இருப்பார்?

வாத்தியாருக்கு ஃபோன் பண்ணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன்.

“திதியையா, என்னையா?”

உங்களைத்தான் என்றேன்.

“என்னைத் தள்ளினா, எனக்குப் பின்னால மூணு ஆத்துக் காரியத்தைத் தள்ளணும். அங்கெல்லாம் பசியோட காத்துண்டிருப்பா. ஏன், அன்னிக்கு என்ன விசேஷம்?”

விசேஷம் ஒன்றுமில்லை, ஒரு சந்தேகம் என்றேன். போனவர் வேறெங்கோ ஒரு காரியமாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் இங்கே கூப்பிட்டால் அதைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாரா?

“கிளம்பித்தானே ஆகணும்? இல்லேன்னா எதுக்குக் கூப்பிடறோம்?” என்றார். பிறகு, என் எழுத்துகளை அறிந்தவரானதால், “இதைப் பத்தி எழுதப் போறேளா?” என்று கேட்டார்.

அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்து மழை. அக்கா நாலு மணிக்கே எழுந்து குளித்து, மடிசார் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். அன்றைக்கு டிவியைப் போட முடியாது. நான் ஃபோனை இடுப்பில் பஞ்சகச்சத்துக்குள் செருகி, வயரில்லாத காதுக்குமிழ் ஒன்றை இடது காதில் வைத்துக்கொண்டேன். மனையில் உட்கார்ந்தபோது வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். “காது மிஷினா? எப்போலேர்ந்து?” என்று இரக்கத்தோடு கேட்டார். போன மாதத்திலிருந்து என்றேன். அதற்கப்புறம் அவர் மந்திரத்தை இன்னும் சத்தமாகச் சொன்னார். ஒரு காதில் அவர். இன்னொரு காதில் பசிபிக் கடலோரத்திலிருந்து இரண்டு வர்ணனையாளர்கள்.

எனக்கு எதிரே, அத்திம்பேரின் இடத்தில், ஒரு பெரியவர் மழையில் நனைந்த தோளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாரநாளில் கே.கே. நகரில் ஏதோ ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மாதாமாதம் இரண்டு மணி நேரம் அவர்தான் என் அத்திம்பேர்.

ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தது. அணி நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. ஆனால் எதிராளியின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மூன்றாவது வாய்ப்பு. ஒரு கஜம். அதே நேரத்தில் வலது காதில் வாத்தியார், எள்ளை எடுத்துக்கோங்கோ என்றார். எடுத்துக்கொண்டேன். கட்டைவிரலோரமாக விட வேண்டும். விட்டால் வந்துவிடுவார்.

விடவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம். அவ்வளவுதான் நான் கேட்டது. எல்லோரும் நடுவில் முட்டுவார்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். அவருடைய ஆட்டத்துக்கென்றே விதித்த இடம். வாய்க்கு முன்னால் தாளை வைத்துக்கொண்டு அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், உடனே கூப்பிட்டுவிடுகிறேன். வாத்தியார் மந்திரத்தை மறுபடி சொன்னார். என் காது மிஷினை நினைத்து இன்னும் உரக்கச் சொன்னார். எதிரே இருந்த பெரியவர் இலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

அக்கா சமையலறை வாசலுக்கு வந்தாள். கையில் மாவு. என் மூடிய கையையும் காலியான தாம்பாளத்தையும் பார்த்தாள்.

“ஏன்டா நிறுத்திட்டே?”

ஒன்றுமில்லை என்றேன்.

“அவர் வாசல்ல நின்னுண்டிருக்கார்டா. உள்ள கூப்பிடு.”

அவள் அதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. மழையில் யாரோ நனைகிறார்கள், கதவைத் திற என்கிற மாதிரி சொன்னாள். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. நடையில் வாத்தியாரின் குடை சொட்டிக்கொண்டிருந்தது.

எள்ளையும் தண்ணீரையும் விட்டேன்.

இடது காதில் கூச்சல் எழுந்தது. பந்து நேராக நடுவில் போயிற்று. முட்டியது. நின்றது. நாலாவது வாய்ப்பு, மறுபடியும் நடுவில். மறுபடியும் அதே சுவர். முடிந்தது. பருவம் முழுவதும் இப்படி ஒரு ஆட்டத்தை இவர் சொன்னதே இல்லையே, கடைசி நிமிஷத்தில் மேலே என்னதான் நடந்தது என்று வர்ணனையாளர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குச் சொல்லக்கூடியவன் உலகத்தில் ஒருத்தன்தான் இருந்தான். அவன் மந்தைவெளியில் பஞ்சகச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். காதுக்குமிழைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டேன். இடது பக்கம் திடீரென்று அவ்வளவு நிசப்தம்.

பெரியவர் சாப்பிட்டார். திதிச் சாப்பாட்டில் உட்கார்ந்தவர்கள் பேசக் கூடாது. பிரண்டைத் துவையல், மிளகுக் குழம்பு, வடை, எள்ளுருண்டை. நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மென்று சாப்பிடுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். துவையலை இரண்டாம் முறை போட்டபோது கை மறுக்கவில்லை. மூன்றாம் முறையும் மறுக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தேன். எல்லாக் கைகளையும் போல ஒரு கை. பிண்டத்தை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வைத்தபோது, அந்த மழையிலும் காக்கை உடனே வந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

எல்லோரும் போன பிறகு நானும் அக்காவும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் கேட்டது ஒன்றுதான்: திருப்தியாகச் சாப்பிட்டாரா? சாப்பிட்டார் என்றேன். துவையல் மூன்று தடவை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். தோள்கள் தளர்ந்து இறங்கின. இந்த மாதம் முடிந்தது.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மோர் சாதம் வரைக்கும் தாக்குப்பிடித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: நாற்காலி காலியானது, பின்வாசல், வாய்க்கு முன்னால் தாள், வாத்தியாருக்கு ஃபோன் பண்ணியது, காதுக்குள் இருந்தது, எள்ளை விட்ட நிமிஷத்தில் அங்கே ஆட்டம் தடம் புரண்டது. அவர் அங்கேதான் இருந்தார் அக்கா, நாம் கூப்பிட்டதும் பாதியில் எழுந்து வந்துவிட்டார் என்றேன். சொல்லி முடித்தபோது என் கை இலையிலேயே காய்ந்துபோயிருந்தது.

அக்கா அவசரப்படவில்லை. நார்த்தங்காயைக் கடித்துக்கொண்டு, கடைசிக் கவளம்வரை சாப்பிட்டு, இலையை மடித்தாள்.

“அவர் எங்கேர்ந்துடா அமெரிக்கா போறது? பொண்ணு பட்டம் வாங்கறதைப் பார்க்கணும்னு உயிரோட இருந்தப்போவே ரெண்டு தடவை வீசா கேட்டார். ரெண்டு தடவையும் இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டா. செத்துப்போனா மட்டும் குடுத்துடுவாளாக்கும்?”